கேள்வி – பதில்: 2050-இல் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று யார் சொல்வது?

சென்ற இதழில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள மான்ட்கோமரி கவுண்டி தனது எதிர்காலத்துக்காக வகுத்துக்கொண்ட 'த்ரைவ் மான்ட்கோமரி 2050' என்னும் பொதுத் திட்டத்தைப் பற்றியும், அதில் குடிமக்களுக்கு இருந்த பங்கைப் பற்றியும் சில வரிகள் எழுதியிருந்தேன். அதையொட்டி அங்கிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம்தானே? ஒரு மாவட்டத்துக்கு 30 ஆண்டுத் தொலைநோக்குத் திட்டம் எதற்கு?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பரப்பளவைக் கொண்டு பார்த்தால் ஒரு சிறிய மாவட்டம் என்று சொல்லலாம். சுமார் 500 சதுர மைல். ஆனால் மேலிருந்து அமர்த்தப்படும் ஆட்சியர் போன்ற ஒருவர் அங்கே இல்லை. மக்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு மன்றமும், மக்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு நிர்வாகத் தலைவரும் உண்டு. சொத்து வரி விதிப்பதும், பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் நூலகங்களுக்கும் பணம் ஒதுக்குவதும் கவுண்டிதான். மான்ட்கோமரி, தலைநகர் வாஷிங்டனின் வடமேற்கு விளிம்பை ஒட்டியிருக்கிறது. 1960-இல் ஏறக்குறைய 3,40,000 பேர் வாழ்ந்த அந்த இடத்தில் 2020 கணக்கெடுப்பின்படி 10,62,061 பேர் வாழ்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வேறு நாடுகளில் பிறந்தவர்கள்.

இன்று பூமிக்கடியில் பதிக்கும் கழிவுநீர்க் குழாய் ஐம்பது ஆண்டுக்கும் மேல் கிடக்கும். குழாய் போகும் பக்கம் வீடுகள் போகும், வீடுகள் போகும் பக்கம் பள்ளியும் சாலையும் போயாக வேண்டும். ஆகவே, எந்தத் திசையில் வளர்வது, எந்தத் திசையில் வளராமல் நிறுத்திக்கொள்வது என்பதை முதலில் பேசி முடித்துவிட்டுத்தான் குழாயைத் தொட வேண்டும். அந்தப் பேச்சின் எழுத்து வடிவமே பொதுத் திட்டம். அதன் கீழே ஒவ்வொரு பகுதிக்குமான திட்டங்கள், அவற்றின் கீழே எந்த மனையில் எதைக் கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதிகள், கடைசியில் தனித்தனிக் கட்டட அனுமதி என்று அடுக்கடுக்காக இறங்கும்.

முப்பது ஆண்டு கழித்து என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? இத்தகைய ஆவணங்கள் அலமாரியில் தூங்குவதுதானே வழக்கம்?
— ஒரு வாசகர், ஜெர்மன்டவுன், மேரிலாந்து

தூங்கியிருந்தால் நீங்கள் இருக்கும் ஊரே இன்றைய வடிவில் இருந்திருக்காது. 1964-இல் இதே கவுண்டிக்கு எழுதப்பட்ட பொதுத் திட்டம், வாஷிங்டனிலிருந்து விரல்களைப் போல நீளும் போக்குவரத்து நெடுவழிகளை ஒட்டி நகரங்கள் வளரட்டும், விரல்களுக்கு நடுவே வயலும் காடும் இருக்கட்டும் என்று சொன்னது. இன்றைய 270-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி ராக்வில், கெய்தர்ஸ்பர்க், ஜெர்மன்டவுன் என்று ஊர்கள் மணி கோத்தாற்போல வரிசையாக அமைந்திருப்பதற்கு அந்தத் திட்டமும் ஒரு காரணம். ஆங்கிலத்தில் அந்தப் பசுமைப் பகுதிகளுக்கு இட்ட 'வெட்ஜ்' (wedge) என்ற பெயருக்கு அகராதி தரும் தமிழ்ச் சொல் 'ஆப்பு' என்பது. இன்றைய பேச்சு வழக்கில் அந்தச் சொல் பெற்றிருக்கும் பொருளை நினைத்தால் அதை எழுதக் கை வரவில்லை. பசுமை இடைவெளி என்று வைத்துக்கொள்கிறேன். நிலம் வைத்திருந்த உழவர்கள் சிலருக்கு அந்தப் பழைய சொல்லே பொருத்தமாகத் தோன்றியிருக்கவும் கூடும்.

ஏனென்றால், இடைவெளியைக் காப்போம் என்று 1964-இல் எழுதிவிட்டார்களே தவிர, எப்படிக் காப்பது என்பது வெகுநாள் விளங்கவில்லை. எழுபதுகளில், 5 ஏக்கருக்கு ஒரு வீடு என்று விதி செய்து பார்த்தார்கள். 5 ஏக்கர் என்பது உழுவதற்குப் போதாது, புல்வெட்டிப் பராமரிப்பதற்கு மிக அதிகம். வசதியுள்ளவர்கள் பெரிய பெரிய மனைகளாக வாங்க, வயல்கள் துண்டு துண்டாகப் போயின. 1980-இல் வந்த வேளாண் பாதுகாப்புத் திட்டம்தான் அந்தப் போக்கை மாற்றியது. கவுண்டியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, அதாவது சுமார் 93,000 ஏக்கரை, வேளாண் ஒதுக்கீட்டு நிலமாக அறிவித்து, 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான் என்று வரையறுத்தார்கள். நிலத்தின் விலை விழுமே என்ற உழவர்களின் மனக்குறைக்கு ஈடாக, கட்டும் உரிமையைத் தனியே பிரித்து விற்கும் வழியை ஏற்படுத்தினார்கள். 100 ஏக்கர் வைத்திருப்பவர் தம் நிலத்தில் 4 வீடுகள்தான் கட்டலாம்; ஆனால் 5 ஏக்கருக்கு ஒன்று என்ற பழைய கணக்கின்படி அவருக்கு 20 கட்டும் உரிமைகள் உண்டு. அவற்றை அவர் கட்டுமான நிறுவனங்களுக்கு விற்கலாம். வாங்கியவர், நகரப் பகுதியில் அதற்கென்று குறித்த இடங்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாக வீடுகள் கட்டிக்கொள்ளலாம். நிலம் உழவரிடமே இருக்கும், வளர்ச்சி மட்டும் இடம் பெயரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலிருந்து மேற்கே பூல்ஸ்வில் பக்கம் வண்டியை விட்டுப் பாருங்கள். அடுக்குமாடிகளும் கடைத்தொகுதிகளும் சில நிமிடங்களில் நின்றுபோய், சாலையின் இரு பக்கமும் மக்காச்சோளமும் சோயாவும் நிற்கும். தெருவிளக்கு இருக்காது. அந்த வயல்வெளி தற்செயலாக மிஞ்சியதல்ல; அது 1964-இல் பேசி, 1980-இல் விதியாக்கியதன் விளைவு.

எல்லாம் நடந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். நெடுவழி நகரங்களை இணைப்பதாகச் சொல்லப்பட்ட விரைவுப் போக்குவரத்து வழி இன்றுவரை வரவில்லை. அதை நம்பி வளர்ந்த கிளார்க்ஸ்பர்க் மக்கள் காலையில் காரில் காத்திருக்கிறார்கள். வீடு கட்டுபவருக்கு உடனே வருமானம் உண்டு, பேருந்து வழி அமைப்பவருக்கு உடனே செலவுதான் உண்டு. திட்டத்தின் இவ்விரு பாதிகளும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதைக் கவனித்துக் கேள்வி கேட்பதே குடிமக்கள் செய்யக்கூடிய காரியங்களில் முக்கியமானது என்று நினைக்கிறேன்.

2050 திட்டத்துக்கு மக்களிடம் எப்படிக் கருத்துக் கேட்டார்கள்?
— ஒரு வாசகி, சென்னை

வேலையை நடத்தியது கவுண்டியின் திட்டமிடல் வாரியம். அது 1927-இல் தொடங்கப்பட்ட ஒரு வட்டார ஆணையத்தின் பகுதி. 2019 முதல் வாரியத்தின் ஊழியர்கள் மக்களைச் சந்திக்கத் தொடங்கினார்கள். 2020-இல் கொரோனா வந்து கூடங்களையெல்லாம் மூடிவிட்டதால் பேச்சு முழுவதும் திரைக்கு மாறியது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் முதல் வரைவு வந்தது. நவம்பரில் வாரியம் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியது. திருத்திய வரைவு 2021 ஏப்ரலில் மன்றத்துக்குப் போனது; ஜூனில் மன்றம் தானே மீண்டும் கருத்துக் கேட்டது. அதன்பின் மன்றக் குழுவில் வரிவரியாக ஆய்வு நடந்து, 2022 அக்டோபர் 25 அன்று மன்றத்தின் 9 உறுப்பினர்களும் ஒருமனதாக ஒப்புதல் அளித்தார்கள்.

இத்தகைய கூட்டம் ஒன்றைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். பேச விரும்புபவர் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். முறை வந்ததும் இரண்டோ மூன்றோ நிமிடம் தருவார்கள். மூலையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும். முறை எப்போது வரும் என்பதைத் துல்லியமாகச் சொல்ல இயலாது. நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தில், ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எழுதி வைத்து, ஒத்திகையும் பார்த்து வந்திருந்தார் போலும். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்ட நொடியில் நன்றி என்று முடித்தார். அவருக்குப் பின் அழைக்கப்பட்ட பெண் தொலைபேசி வழியாக வந்தார். பின்னணியில் பாத்திரங்கள் உருளும் சத்தம். வேலையின் இடைவேளையில் பேசுவதாகவும், இரவு நேரத்துக் கடைசிப் பேருந்து தம் வேலை முடிவதற்கு முன்பே போய்விடுவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தவர், பாதியில் யாரோ அழைக்க, துண்டித்துக்கொண்டார். குறிப்பேட்டில் இருவரும் ஒவ்வொரு கருத்தாகவே பதிவாகியிருப்பார்கள்.

வருகிறவர்கள் எப்போதும் சொந்த வீடுள்ள, வயதான, நேரமுள்ள அதே ஆட்கள்தான். இதை மக்கள் பங்கேற்பு என்று சொல்லலாமா?
— ஒரு வாசகி, சில்வர் ஸ்பிரிங்

நீங்கள் கேட்ட இதே கேள்வியைக் கவுண்டி மன்றத்தின் சொந்த ஆய்வு அலுவலகமே எழுப்பியது. இன அடிப்படையிலான ஏற்றத்தாழ்வைக் களைவதற்கென்று அந்த மன்றம் 2019-இல் ஒரு சட்டம் நிறைவேற்றியிருந்தது. அதன் கண்ணாடியில் 2050 வரைவைப் பார்த்த அலுவலகம், வருமானம் குறைந்தவர்களையும் வெள்ளையரல்லாத சமூகங்களையும் போதிய அளவில் சென்றடையவில்லை என்று குறை சொன்னது. மன்றம் வெளியிலிருந்து ஆலோசகர்களை அமர்த்தி, 2022-இல் அந்தச் சமூகங்களிடம் தனியாகக் கருத்துக் கேட்க வைத்தது. வரைவு ஏறக்குறைய முடிந்த பிறகு இதைச் செய்வதால் என்ன பயன் என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கல்யாணத்துக்கு நாளும் மண்டபமும் குறித்துவிட்டுப் பெண்ணின் விருப்பத்தைக் கேட்பது போன்றது அது.

இருந்தாலும், வருபவர்களைக் குறை சொல்லும் பக்கம் நான் சாயவில்லை. ஓய்வுபெற்ற பெரியவர் நேரம் ஒதுக்கி வருகிறார் என்றால் அது அவருடைய நல்ல பழக்கம். தவறு, வந்தவர்களை எண்ணி 'மக்கள் சொன்னார்கள்' என்று எழுதும் கணக்கில் இருக்கிறது. கூட்டத்துக்கு அழைப்பது ஒரு வேலை. சலவைக் கடையிலும், வழிபாட்டு இடத்து வாசலிலும், பேருந்து நிறுத்தத்திலும், பள்ளி விடும் நேரத்திலும் போய் நின்று கேட்பது வேறொரு வேலை. இரண்டாவதற்கு ஆள் வேண்டும், பல மொழி வேண்டும், மாலையிலும் வார இறுதியிலும் சம்பளம் கொடுக்க வேண்டும். வரவுசெலவுத் திட்டத்தில் அதற்குப் பணம் இருக்கிறதா என்று பார்த்தாலே, பங்கேற்பில் ஓர் அரசுக்கு எவ்வளவு அக்கறை என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. 2050-இல் அந்த ஊரில் வாழப்போகிற பெரும்பாலோர் இன்று ஒன்று குழந்தைகள், அல்லது வேறெங்கோ இருப்பவர்கள். அவர்களுக்கு இன்று வாக்கும் இல்லை, மூன்று நிமிடமும் இல்லை. நீண்டகாலத் திட்டத்தில் இதைத் தீர்க்கும் வழி எதையும் நான் இதுவரை கண்டதில்லை. எந்தக் கருத்துக்கும் முன்னால் அதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பக்கத்து மனையில் நான்கு குடித்தன வீடு வந்தால் என் தெருவின் தன்மையே மாறிவிடும். இதைச் சொன்னால் சுயநலக்காரன் என்கிறார்கள். சொல்வது தவறா?
— ஒரு வாசகர், பொடோமாக்

சொல்வது தவறில்லை, எந்த இடத்தில் சொல்கிறோம் என்பதில்தான் பலரும் தடுமாறினார்கள். 2050 திட்டம், தனி வீடுகள் மட்டும் என்ற முறையைத் தளர்த்தி, இரட்டை வீடுகளையும் மூன்று நான்கு குடித்தனம் கொண்ட சிறு கட்டடங்களையும் சில இடங்களில் அனுமதிக்கலாம் என்று கொள்கை அளவில் பரிந்துரைத்தது. அந்த ஒப்புதலால் எவருடைய மனையின் மண்டல விதியும் மறுநாள் மாறிவிடவில்லை. ஆதரித்தவர்களில் சிலர் வீட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று பேசினார்கள், எதிர்த்தவர்களில் சிலர் தெரு அழிந்தது என்று பேசினார்கள். ஆவணம் இரண்டையும் செய்யவில்லை. கவுண்டியின் நிர்வாகத் தலைவர் மார்க் எல்ரிச் அத்திட்டத்தை வெளிப்படையாக விமர்சித்தவர். ஆயினும் ஒப்புதல் அளிக்கும் அதிகாரம் மன்றத்துக்கே உரியது.

விதிகளைப் பற்றிய சண்டை பிறகு தனியாக நடந்தது. 2024-இல் பரவலான மாற்றம் குறித்த பரிந்துரை வந்தபோது, மன்றம் ஊர் ஊராகக் கருத்துக் கேட்டது. கூடங்கள் நிறைந்தன, எதிர்ப்பும் பலமாக இருந்தது. 2025 ஜூலையில் மன்றம் நிறைவேற்றியது அதைவிடச் சுருங்கிய ஒன்று; போக்குவரத்து மிகுந்த பெருஞ்சாலைகளை ஒட்டிய மனைகளில் இத்தகைய வீடுகளுக்கு வழிவிட்டு, உள்தெருக்களை விட்டுவிட்டது. உங்களைப் போன்றவர்கள் பேசியதால் நேர்ந்த மாற்றம் என்று நீங்கள் மகிழலாம். வாடகைக்கு வீடு தேடி அலையும் இளம் குடும்பங்கள் அதே கூடத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் உடன் கேட்டுக்கொள்ள வேண்டும். 'தெருவின் தன்மை' என்ற சொல்லுக்குப் பதிலாக, வண்டி நிறுத்தமா, மழைநீர் வடிகாலா, பள்ளியில் இடமா, மரங்களா, எது உங்கள் கவலை என்று பெயர் சொல்லி எழுதினால், அதற்கு அதிகாரிகள் விடை சொல்லியாக வேண்டிய நிலை வரும்.

ஒரு கொசுறுத் தகவல்: பெரிய குடியிருப்புத் தொகுதி கட்டுபவர் அதில் ஒரு பங்கை நடுத்தர வருமானக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் தர வேண்டும் என்று 1974-இலேயே சட்டம் செய்த கவுண்டி அது. அப்போதும் எதிர்ப்பு இருந்தது.

ஒப்புதலுக்கு முன்பே திட்டமிடல் வாரியத்தினர் அனைவரும் பதவி விலகினார்களே?
— ஒரு வாசகர், வீட்டன்

ஆம், 2022 அக்டோபரில் வாரியத்தின் 5 உறுப்பினர்களும் விலகினார்கள். அலுவலக நடத்தை பற்றிய புகார்களும் உட்பூசல்களும் காரணம். இரண்டே வாரத்துக்குள் திட்டத்துக்கு ஒப்புதல் வந்தது. புகார்கள் திட்டத்தின் உள்ளடக்கத்தைப் பற்றியவை அல்ல, மன்றமும் அதை ஒன்றரை ஆண்டு ஆராய்ந்திருந்தது. ஆகவே ஒத்திவைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் சில வாரங்கள் பொறுத்திருந்தால் அவநம்பிக்கைக்கு ஒரு காரணம் குறைந்திருக்கும்.

நான் கெய்தர்ஸ்பர்க் நகருக்குள் வீடு வாங்கியிருக்கிறேன். 2050 திட்டம் எனக்கு எந்த வகையில் பொருந்தும்?
— ஒரு வாசகி, கெய்தர்ஸ்பர்க்

நேரடியாகப் பொருந்தாது. கெய்தர்ஸ்பர்க், ராக்வில், பூல்ஸ்வில் உள்ளிட்ட ஏழு நகராட்சிகள் தங்கள் நில விதிகளைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. நீங்கள் போக வேண்டிய கூட்டம் உங்கள் நகர மன்றத்தில் நடக்கிறது. அஞ்சல் முகவரியில் கெய்தர்ஸ்பர்க் என்று இருந்தும் நகர எல்லைக்கு வெளியே இருக்கும் வீடுகள் ஏராளம் என்பதால், சொத்து வரிச் சீட்டில் நகர வரி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை விசாவில் இருக்கிறேன். குடியுரிமை இல்லாதவர் போய்ப் பேசலாமா?
— ஒரு வாசகர், ராக்வில்

பேசலாம். கருத்துக்கேட்பில் வாக்காளர் பட்டியலைப் பார்ப்பதில்லை. வரி கட்டுகிறீர்கள், பிள்ளை அந்தப் பள்ளிக்குப் போகிறது, அந்தச் சாலையில்தான் போகிறீர்கள். பேச அது போதும். அதே கவுண்டியிலுள்ள டகோமா பார்க் நகரம் 1992-இலேயே குடியுரிமை இல்லாதவர்களுக்கும் நகரத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அளித்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நம்மவர்கள் தயங்குவது சட்டத்தால் அல்ல, 'நமக்கேன் வம்பு' என்ற பழக்கத்தால் என்பது என் அனுபவம்.

சென்னைக்கும் இப்படி மக்களைக் கேட்டு எழுதும் முறை உண்டா?
— ஒரு வாசகர், தாம்பரம்

உண்டு. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம், முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் பெற வேண்டும் என்கிறது. 2008-இல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026 வரை. மூன்றாவதற்காக வரைவுக்கு முன்பே மக்களிடம் தொலைநோக்குக் கருத்துகளையும் கேட்டார்கள். சட்டத்தில் 'ஆட்சேபணை' என்ற சொல் முன்னால் நிற்பதைக் கவனியுங்கள். எழுதி முடித்ததற்கு மறுப்புச் சொல்வதே குடிமகனின் பங்கு என்ற பழைய எண்ணத்தின் அடையாளம் அது.

அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றிருக்கிறேன். என்ன பேசுவது? ஆங்கிலம் சரளமாக வராது.
— ஒரு வாசகி, கிளார்க்ஸ்பர்க்

உங்கள் கடிதத்தின் முதல் பத்தியில் போக்குவரத்து நெரிசல், விலைவாசி, பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றை எல்லாரும் சொல்வார்கள். இரண்டாம் பத்தியில், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போகும்போது ஓரிடத்தில் நடைபாதை நின்றுவிடுவதாகவும், அங்கிருந்து சாலை ஓரத்துப் புல்லில் வண்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பேசுங்கள். எந்தச் சந்திப்புக்கும் எந்தச் சந்திப்புக்கும் இடையில், எத்தனை அடி தூரம், வாரத்தில் எத்தனை நாள் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள். திட்ட ஆவணம் நடந்தே போகக்கூடிய ஊர்களை உருவாக்குவோம் என்று வாக்களித்திருக்கிறது. அந்த வரியை முதலில் படித்துக்காட்டிவிட்டு, உங்கள் புல்தரையைச் சொன்னால் மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம் மிஞ்சும்.

பேச வராவிட்டால் எழுதி அனுப்பலாம். எழுத்தும் பதிவேட்டில் சேரும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் பெயர் பதியும்போதே கேட்டுவிடுங்கள். கூட்டத்துக்கு முதல் நாள் கேட்டால் தமிழுக்கு ஆள் கிடைப்பது கடினம்.